தாலி கட்டும் நொடி திரும்ப வராது

என் தங்கையின் திருமண ஆல்பத்தில் முந்நூறு படங்கள் இருக்கின்றன. மேடை அலங்காரம், வாழையிலை விருந்து, வாசல் தோரணம் என்று எல்லாம் உண்டு. அப்பா கன்னிகாதானம் செய்து கொடுக்கும் படம் மட்டும் இல்லை. அந்த நேரத்தில் புகைப்படக்காரர் மாப்பிள்ளைத் தோழர்களைக் கோயில் வாசலில் நிறுத்திப் படமெடுத்துக்கொண்டிருந்தார். எட்டு மாதத்தில் அப்பா காலமாகிவிட்டார். மீதிப் பணத்தில் ஐந்நூறு வெள்ளியைக் குறைத்துக்கொள்வதாக அவர் சொன்னபோது அம்மா ஒன்றுதான் கேட்டார்: "அந்தக் காசை வச்சு எந்தப் படத்தைத் தம்பி எடுக்கப் போறோம்?"

இந்த மனத்தாங்கல் எங்கள் வீட்டோடு முடிவதில்லை. பேசியவர் ஒருவர், படமெடுக்க வந்தவர் இன்னொருவர். முதல் குழந்தை பிறந்த பிறகு கைக்கு வந்த ஆல்பம். மணமக்கள் முகமெல்லாம் ஊதா நிறம். மெமரி கார்டு கெட்டுப்போனது என்ற ஒற்றை வரி பதில். உறவினர்களிடம் விசாரித்தால் வீட்டுக்கு ஒரு கதை கிடைக்கும்.

கேமரா இருந்தால் போதுமா?

கோயில் திருமணத்தைப் படமெடுப்பது எளிதல்ல. பிராகாரத்தில் கொளுத்தும் வெயில்; மண்டபத்துக்குள் மங்கலான வெளிச்சம்; நடுவே ஹோமப் புகை. விருந்து மண்டபத்தில் எல்இடி விளக்குகள் முகத்தையே வேறு நிறமாக்கிவிடும். மாப்பிள்ளையின் வெள்ளைப் பட்டு வேட்டி சட்டையைப் பார்த்துக் கேமரா தானாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். நம் மாநிற முகங்கள் கறுத்துப்போகும். இதையெல்லாம் முன்கூட்டியே அறிந்து திருத்திக்கொள்பவர்தான் தொழில் தெரிந்தவர். திருமணத்துக்கு முன்பே, முகூர்த்த நேரத்தை ஒட்டிக் கோயிலுக்குப் போய் வெளிச்சத்தைப் பார்த்து வருவார். ஃபிளாஷ் பயன்படுத்தலாமா என்று நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்வார்.

அதைவிட முக்கியம், சடங்கின் வரிசை தெரிந்திருப்பது. கெட்டிமேளம் முழங்கியதும் எல்லாரும் எழுந்து அட்சதை தூவுவார்கள். மூன்று முடிச்சு முடிய ஒரு நிமிடம்கூட ஆகாது. "இன்னொரு தடவை கட்டுங்க" என்று மாப்பிள்ளையிடம் சொல்ல முடியுமா? அதனால்தான் நல்ல குழுவில் ஒருவர் முன்னாலும் ஒருவர் பக்கவாட்டிலும் நிற்கிறார்கள்.

மூன்றாவது, எடுத்ததைப் பாதுகாப்பது. ஒரே நேரத்தில் இரண்டு கார்டுகளில் பதிவு செய்யும் கேமராக்கள் வந்து பல ஆண்டுகளாகிவிட்டன. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்புச் சாதனங்கள், ஒரு பிரதி வேறு இடத்தில் என்பது தொழிலில் பலரும் பின்பற்றும் விதி. "கார்டு கெட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். தயங்காமல் பதில் சொல்பவரை நம்பலாம்.

அவர்கள் பக்கமும் உண்டு

எட்டு மணி நேரம் என்று பேசிவிட்டுப் பதினான்கு மணி நேரம் நிற்க வைக்கிறோம். தாலி கட்டும்போது மாமாவும் அத்தையும் கைப்பேசியை உயர்த்திக்கொண்டு கேமராவை மறைக்கிறார்கள். அலங்காரம் தாமதமாகி, குடும்பப் படத்துக்கு ஒதுக்கிய ஒரு மணி நேரம் பத்து நிமிடமாகச் சுருங்குகிறது. பிறகு மீதிப் பணத்தை இழுத்தடிக்கிறோம். யார் யார் கட்டாயம் படத்தில் இருக்க வேண்டும் என்று நாமும் எழுதிக் கொடுப்பதில்லை. எங்கள் வீட்டிலும் யாரும் கொடுக்கவில்லை.

எதை எழுதி வாங்குவது?

இன்ஸ்டாகிராமில் காட்டுவது பல திருமணங்களிலிருந்து பொறுக்கி எடுத்த இருபது படங்கள். ஒரே திருமணத்தின் முழுத் தொகுப்பைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு ஒப்பந்தத்தில் இவை இருக்கட்டும்: வரப்போகிறவரின் பெயர், எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எத்தனை படங்கள், ஒப்படைக்கும் தேதி, அவருக்கு உடல்நலமில்லாமல் போனால் மாற்று ஏற்பாடு, ரத்தானால் முன்பணம் என்னாகும் என்பது.

படங்களின் உரிமையையும் பேசிக்கொள்ளுங்கள். மலேசியாவின் 1987 காப்புரிமைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லையென்றால், எடுக்கச் சொன்னவருக்கே காப்புரிமை போகும். சிங்கப்பூரிலோ 2021 நவம்பர் முதல், வேறு உடன்பாடு இல்லாதவரை, படம் எடுத்தவரே முதல் உரிமையாளர்.

பேசித் தீராவிட்டால்?

1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, எந்தச் சேவையையும் நியாயமான கவனத்தோடும் திறனோடும் வழங்க வேண்டும். தேதி குறிப்பிடாவிட்டாலும் நியாயமான காலத்துக்குள் முடித்துத் தர வேண்டும். மீறினால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். 50,000 வெள்ளி வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். பொதுவாக வழக்கறிஞர் இல்லாமல் நாமே பேச வேண்டும். சிங்கப்பூரில் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் உண்டு: 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை, காலக்கெடு இரண்டு ஆண்டு.

ஆனால் "படம் அழகாக இல்லை" என்பதை நிரூபிப்பது கடினம். "இரண்டு பேர் வருவதாகச் சொல்லி ஒருவரை அனுப்பினார்" என்பதை நிரூபிக்கலாம். அதற்குத்தான் ரசீதும் வாட்ஸ்அப் உரையாடலும். அவற்றை அழித்துவிடாதீர்கள்.

நாங்கள் நடுவர் மன்றத்துக்குப் போகவில்லை. எங்களிடம் இருந்தது ஒரு வரி ரசீது மட்டும்தான். சித்தப்பா கைப்பேசியில் எடுத்த காணொளியிலிருந்து ஒரு காட்சியை எடுத்துச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். அப்பாவின் கை கொஞ்சம் அசைந்திருக்கிறது. முகம் பாதிதான் தெரிகிறது.

அடுத்த தை மாதம் தம்பிக்குத் திருமணம். சென்ற வாரம் புகைப்படக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அம்மா விலையைக் கேட்கவில்லை. தேநீரைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து கேட்டார்: "கன்னிகாதானம் எப்போ நடக்கும்னு உங்களுக்குத் தெரியுமா தம்பி?"