ரசீது எங்கே?

மளிகைக் கடைக்குக் கொடுத்த பணத்தை "பாத்திரம் வாங்கியது" என்று வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதினால் என்ன ஆகும், தெரியுமா? அரிசியும் பருப்பும் தின்று தீர்ந்திருக்கும். நோட்டிலோ வீட்டுச் சொத்து பெருகிக் கொண்டே போகும்! மாதச் செலவு குறைந்து, நிறைய மிச்சம் பிடித்தது போலவும் தோன்றும். அரிசிப் பானையைத் திறந்து பார்க்கிற வரையில் ஆனந்தந்தான்!

சிரிக்காதீர்கள். அமெரிக்காவின் மிகப் பெரிய கம்பெனிகளுள் ஒன்று இதே வேலையைத்தான் செய்தது. அதைக் கண்டுபிடித்தவர் ஒரு பெண்மணி.

மிஸிஸிப்பி மாநிலத்தில் கிளிண்டன் என்ற சிற்றூரைத் தலைமை இடமாகக் கொண்டு, கொடி கட்டிப் பறந்தது 'வேர்ல்ட்காம்' என்னும் டெலிபோன் கம்பெனி. பிற கம்பெனிகளின் கம்பித் தடங்களை உபயோகித்துவிட்டு, அதற்கு மாதா மாதம் கட்டணம் செலுத்தி வந்தது. இது மளிகைச் செலவு மாதிரி. அவ்வப்போது தீர்ந்து போவது. 2001-ல் வியாபாரம் மந்தமாயிற்று. லாபம் குறைந்தால் பங்கு விலை விழுந்துவிடுமே! ஆகவே அந்தக் கட்டணத்தில் ஒரு பகுதியைச் செலவுப் பக்கத்திலிருந்து எடுத்துச் சொத்துப் பக்கத்தில் எழுதிவிட்டார்கள். நஷ்டம் லாபமாயிற்று! வெளியிலிருந்து வந்த பிரபல தணிக்கைக்காரர்கள் கண்ணிலும் இது படவில்லை.

கம்பெனியின் உள் தணிக்கைப் பிரிவுக்குத் தலைவி சிந்தியா கூப்பர். இரண்டு பெண் குழந்தைகளின் தாய். 2002 மே மாதம் அவருடைய சிறு குழு சொத்துக் கணக்கைப் புரட்டத் தொடங்கியது. அங்கே, எதையோ உபயோகிக்க முன்கூட்டியே பணம் கட்டியதாக, விளங்காத ஒரு பெயரில் பெருந்தொகைகள்! அது என்னவென்று ஒருவரைக் கேட்டால் இன்னொருவரைக் கை காட்டினார். அவரோ மேலிடத்தைக் கை காட்டினார். நேர்மையான கணக்குக்கு இத்தனை வாய்தா எதற்கு?

பகலில் கம்ப்யூட்டரைக் குடைந்தால் அதன் வேகம் குறைந்து, பிறருக்குச் சந்தேகம் வந்துவிடும். எனவே இரவில் வேலை செய்தார்கள். யாராவது அழித்துவிடக் கூடுமே என்று பிரதியும் எடுத்து வைத்தார்கள். 50 கோடி டாலருக்கு ஒரு கணக்கு அகப்பட்டது. அதற்கு ஒரு துண்டுச் சீட்டு கூட ஆதாரம் இல்லை!

நிதி அதிகாரி ஸ்காட் ஸல்லிவன், தணிக்கையைச் சில மாதம் தள்ளிப் போடச் சொன்னார். அவர் சிந்தியாவுக்கே மேலதிகாரி! கிளிண்டனோ சிந்தியா வளர்ந்த ஊர். உண்மை வெளிப்பட்டால் அக்கம்பக்கத்தாரின் பிழைப்பே போகும். ஆனாலும் அவர் தள்ளிப் போடவில்லை. ஜூன் 17-ந் தேதி நேரே போய், பதிவுகளுக்கு ஆதாரம் கேட்டார். எழுதிய பெண் கணக்காளருக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. தலைமைக் கணக்கு அதிகாரி, ஆதாரம் இல்லை என்று ஒப்புக் கொண்டார்.

ஜூன் 25-ந் தேதி உலகமே அறிந்தது: பொய்க் கணக்கு 380 கோடி டாலர்! பிற்பாடு அது சுமார் 1,100 கோடியாக வளர்ந்தது. 17,000 பேரை வேலையிலிருந்து நீக்குவதாக அறிவிப்பு வந்தது. ஜூலையில் கம்பெனி திவால். 2005-ல் தலைவர் பெர்னார்ட் எப்பர்ஸுக்கு 25 ஆண்டும், ஸல்லிவனுக்கு 5 ஆண்டும் சிறை விதித்தார்கள். சிந்தியாவை 'டைம்' பத்திரிகை 2002-ம் ஆண்டின் சிறந்த மனிதர்கள் மூவரில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது.

பொய்ப் பதிவை எழுதிய அந்தப் பெண் கணக்காளர் என்ன ஆனார்? முதலில் அவரும் தயங்கினார். வேலையை விட்டுவிடவும் நினைத்தார். ஆனால் அவர் சம்பளத்தை நம்பித்தான் குடும்பம் ஓடியது. சொன்னபடி எழுதினார். அவருக்கும் 5 மாதச் சிறை!

உங்கள் மகனோ, மகளோ, மருமகளோ கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார்களா? "மேலே இருப்பவர்கள் சொன்னார்கள்" என்ற சமாதானம் கோர்ட்டில் எடுபடாது என்று சொல்லி வையுங்கள். யார் எதை எழுதச் சொன்னாலும், பேனாவைத் திறக்குமுன் ஒரு கேள்வி கேட்கட்டும்: "ரசீது எங்கே?"