ஞாயிறு மட்டும் ஓய்வு நாளாக இருந்த நாடு

கனடாவுக்குப் புதிதாக வந்துள்ள எம்மவர் பலரிடம் ஓர் எண்ணம் இருக்கிறது. இது வெள்ளைக்காரரின் கிறிஸ்தவ நாடு, எங்கள் விரதமும் விசேஷமும் வீட்டுக்குள் இருந்தால் போதும், வேலைத்தலத்தில் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பதே அது. தைப்பொங்கலன்று விடியப்புறம் எழும்பிப் பொங்கிவிட்டு ஏழு மணிக்கு மெஷின் முன்னால் நிற்கிறோம். சிவராத்திரிக்கு விழித்திருந்துவிட்டு, கண் எரிய எரியப் பெட்டி அடுக்குகிறோம். லீவு கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம். இந்தப் பயத்தில் பாதி ஊரிலிருந்து கொண்டுவந்தது. மீதி, இந்த நாட்டின் கதை தெரியாததால் வந்தது.

ஒரு காலத்தில் இது உண்மையிலேயே ஞாயிற்றுக்கிழமையின் நாடுதான். 1906இல் பாராளுமன்றம் இயற்றிய 'கர்த்தரின் நாள்' சட்டப்படி ஞாயிறன்று வியாபாரம் செய்வது குற்றம். 1982இல் கல்கரி நகரில் ஒரு மருந்துக்கடை ஞாயிறன்று திறந்து பொருள் விற்றதற்காகக் குற்றஞ்சாட்டப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. ஒரு சமயத்தாரின் ஓய்வு நாளை எல்லார் தலையிலும் கட்ட அரசுக்கு உரிமை இல்லை என்று 1985இல் நீதிபதிகள் அந்தச் சட்டத்தையே தள்ளிவிட்டார்கள். அவர்களுக்குத் துணை நின்றது 1982இல் அரசியலமைப்பில் சேர்ந்த உரிமைச் சாசனம். 1988இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் பொதுப் பாடசாலைகளில் கிறிஸ்தவ செபத்தோடு நாளைத் தொடங்கும் வழக்கத்தையும் நிறுத்தியது. சட்பரி நகரத்துப் பெற்றோர் சிலர் தொடுத்த வழக்கு அது. (அரசு பணத்தில் நடக்கும் கத்தோலிக்கப் பாடசாலைகள் இங்கே இன்றும் உண்டு. மற்றச் சமயங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அது வேறொரு நீண்ட கதை.)

எங்களைப் போன்ற தொழிலாளருக்கு இவற்றைவிட முக்கியமான இரண்டு தீர்ப்புகள் 1985 டிசம்பர் 17ஆம் திகதி, ஒரே நாளில் வந்தன. கிங்ஸ்டன் நகரில் கடையொன்றில் வேலை செய்த ஒரு பெண், சனிக்கிழமையை ஓய்வு நாளாகக் கொள்ளும் சபையைச் சேர்ந்தவர். வெள்ளி மாலையும் சனியும் வேலைக்கு வர முடியாது என்றார். முழுநேர வேலை போயிற்று. உச்ச நீதிமன்றமோ, முதலாளி தனக்குத் தாங்க முடியாத கஷ்டம் வராத அளவுக்குத் தொழிலாளியின் நம்பிக்கைக்கு இடம் கொடுத்தே ஆகவேண்டும் என்றது. மற்றவர் ரொறன்ரோவில் ரயில்வே மின்தொழிலாளியாக இருந்த ஒரு சீக்கியர். தலைப்பாகையைக் கழற்றிப் பாதுகாப்புத் தொப்பி போட மறுத்தவர். அவர் தோற்றார். ஆனால் 1990இல் அல்பேர்ட்டாப் பால் தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளி வழக்கில், சீக்கியரின் வழக்கில் தாம் சொன்ன நியாயம் பிழை என்று அதே நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டில்தான், பெரும் எதிர்ப்புக்கு நடுவே, மத்திய பொலிஸ் படையில் சீக்கியர் தலைப்பாகை கட்ட அரசு அனுமதித்தது.

ஆகவே, எங்கள் சாப்பாட்டு அறையில் சோமாலியர் ஒருவர் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு நேரம் கேட்டுப் போவதைப் பார்த்து, 'இவனுக்கு மட்டும் என்ன சலுகை' என்று முணுமுணுக்கும் நம்மவர் யோசிக்க வேண்டும். அது சலுகை அல்ல. முன்பு வந்தவர்கள் வேலையை இழந்து வாங்கித் தந்தது.

இந்த நாடு எவ்வளவு மாறிவிட்டது என்பதைக் குடிசன மதிப்பீடு காட்டுகிறது. 2001இல் நூற்றுக்கு 77 பேர் கிறிஸ்தவர். 2021இல் 53 பேர்தான். எந்த மதமும் இல்லை என்றவர்கள் 16இலிருந்து 34க்கு மேல் ஏறிவிட்டார்கள். அதே இருபது ஆண்டில் முஸ்லிம்கள் 2 வீதத்திலிருந்து 4.9 வீதமாகவும், இந்துக்கள் 1 வீதத்திலிருந்து 2.3 வீதமாகவும் கூடினார்கள். கோயில் கட்ட எங்களுக்கு அவசரம். அவர்களுடைய தேவாலயங்களிலோ வாங்குகள் காலியாகின்றன. ஸ்காபரோவில் தொழிற்சாலைகளுக்கு நடுவே, பழைய பண்டகசாலைக் கட்டடங்களில் எங்கள் சாமிகள் குடியிருப்பதைப் பார்க்கிறோம். நாங்கள் வேலை செய்வதும் அதே மாதிரிக் கட்டடத்தில்தானே!

மதக் கேள்வி பத்து ஆண்டுக்கு ஒருமுறை, நீண்ட படிவத்தில், எல்லா வீட்டுக்கும் அல்லாமல் சில வீடுகளுக்கு மட்டும் வரும். வாக்காளர் பட்டியலோடு வீடு தேடி வந்தவர்களை 1983 ஆடியில் கொழும்பில் கண்ட எங்களுக்கு, அதில் மதத்தை எழுதக் கை நடுங்குவது இயல்பு. தனியொருவரின் பதிலை வெளியிடுவதை இங்கே சட்டம் தடுக்கிறது.

எல்லாம் நேராகி விட்டதென்று சொல்ல மாட்டோம். கியூபெக் மாகாணம் 2019இல் கொண்டுவந்த சட்டம், அரசுப் பாடசாலை ஆசிரியர், பொலிஸார் போன்றோர் வேலை நேரத்தில் மதச் சின்னம் அணிவதைத் தடை செய்தது. தலையில் துணி போட்ட ஒரு பெண்ணுக்கு ரொறன்ரோவில் கிடைக்கும் ஆசிரியர் வேலை மொன்றியலில் கிடைக்காமல் போகலாம். அங்கே உறவினர் இருப்போர், பிள்ளைகளின் படிப்பைத் தீர்மானிக்கும்போது இதையும் மனதில் வைக்கட்டும்.

இனி லீவு விஷயம். பெரிய வெள்ளி இங்கே எல்லாருக்கும் விடுமுறை, எங்கள் கத்தோலிக்கச் சகோதரருக்கு அந்தக் கவலை இல்லை. பொங்கலுக்கும் சிவராத்திரிக்கும் பெருநாளுக்கும் நாங்கள்தான் கேட்க வேண்டும். முதல் நாள் இரவு போன் பண்ணி 'சுகமில்லை' என்று சொல்வதில் பலனில்லை. பஞ்சாங்கம் வந்தவுடன் திகதிகளைக் குறித்து, சில கிழமைக்கு முன்பே சுப்பர்வைசரிடம் எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் மாற்றலாம், வேறு நாளில் ஈடு செய்யலாம், சம்பளமில்லாமல் நிற்கலாம். ஏஜென்சி மூலம் வேலை செய்வோருக்கும் ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டம் பொருந்தும். காரணமின்றி மறுத்தால் ஒரு வருடத்துக்குள் மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். அதற்கு இலவசமாக உதவும் சட்ட நிலையமும் ஒன்ராறியோவில் இருக்கிறது.