கடலில் கைகொடுக்கும் காற்றுத் தெப்பம்

நெடுந்தூரம் போகும் பாய்மரப் படகுகளின் மேல்தளத்தில் வெள்ளை நிறத்தில் ஒரு பெட்டி கட்டியிருக்கும். பார்ப்பவர்கள் ஏதோ சாமான் பெட்டி என்று நினைப்பார்கள். அதற்குள் மடித்து வைத்திருப்பது ‘லைஃப்ராஃப்ட்’ என்னும் காற்றுத் தெப்பம். படகு மூழ்கினால், அதில் வந்தவர்களுக்கு மிஞ்சும் கடைசி இடம் அதுதான்.

இதன் அருமையை மும்பை நன்றாகவே அறியும். 2021-ம் ஆண்டு மே 17-ந் தேதி ‘டவ்தே’ புயலில் சிக்கி, எண்ணெய்க் கிணற்று வேலைக்காரர்கள் தங்கியிருந்த ‘பி-305’ என்ற பார்ஜ் மும்பைக் கடலில் மூழ்கியது. அதில் இருந்த 261 பேரில் எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிழைப்புத் தேடிப் பல மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் அவர்கள். தெப்பங்கள் இருந்தும் பல ஓட்டையாகக் கிடந்தன என்று உயிர் தப்பியவர்கள் சிலர் சொன்னார்கள்.

ஆகவே தெப்பம் இருந்தால் மட்டும் போதாது. இழுத்த நொடியில் அது விரிய வேண்டும். விரிந்த பிறகு தாங்க வேண்டும்.

பந்தயம் தந்த பாடம்

1979-ம் ஆண்டு ஆகஸ்டில் இங்கிலாந்தில் ‘ஃபாஸ்ட்நெட்’ பாய்மரப் படகுப் பந்தயம் நடந்தது. 303 படகுகள் கிளம்பின. நடுவழியில் கடும் புயல் தாக்கியது. பந்தய வீரர்கள் 15 பேர் இறந்தனர். 24 படகுகளை அவற்றில் இருந்தவர்கள் கைவிட்டார்கள். ஆனால் மூழ்கியவை ஐந்தே ஐந்து! மற்றவை ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்தன.

படகை விட்டுத் தெப்பத்தை நம்பியதில் ஏழு பேர் உயிரிழந்தார்கள் என்று விசாரணையில் தெரிந்தது. சில தெப்பங்கள் அலையில் கவிழ்ந்தன, சில பிய்ந்துபோயின. அவர்கள் விட்டுவந்த படகுகளோ பின்னர் பத்திரமாகக் கரைக்கு இழுத்துவரப்பட்டன.

“படகு மிதக்கும்வரை அதை விடாதே” என்று மாலுமிகள் சொல்வது இதனால்தான். 2018-ல் இந்துமாக் கடலில் பாய்மரம் ஒடிந்து, முதுகில் பலத்த காயம்பட்ட நமது கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, பிரெஞ்சுக் கப்பல் வந்து மீட்கும்வரை தமது படகிலேயேதான் கிடந்தார்.

எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் அளவு. நான்கு பேர் போகும் படகுக்கு எட்டுப் பேர் தெப்பம் வாங்கினால் நல்லதுதானே என்று தோன்றும். அது தவறு. ஆள் குறைவாக இருந்தால் தெப்பம் இலேசாகி, காற்றில் எளிதாகக் கவிழ்ந்துவிடும்.

அடுத்து அடிப்பாகம். கீழே தொங்கும் பைகளில் கடல்நீர் நிரம்பித் தெப்பத்தைப் பாரமாக நிறுத்தும். அந்தப் பைகள் பெரிதாக இருக்க வேண்டும். தரை இரண்டு அடுக்காக இருந்தால் குளிர் ஏறாது. காற்றுக் குழாய்கள் இரண்டு இருந்தால் ஒன்று ஓட்டையானாலும் மற்றொன்று தாங்கும். வெயிலுக்கும் மழைக்கும் மேலே கூரை அவசியம். கரையோரம் போவதற்கு ஒரு ரகம், நடுக்கடலுக்கு ஒரு ரகம் என்று விற்கிறார்கள். போகும் தூரத்துக்கு ஏற்றதை வாங்க வேண்டும்.

பூட்டி வைத்தால் போதுமா?

தெப்பத்தை விரிப்பது, அதனுடன் இருக்கும் சிலிண்டரில் அடைத்த கரியமில வாயு. கயிற்றின் ஒரு முனையைப் படகில் கட்டிவிட்டுப் பெட்டியைக் கடலில் தள்ளி, கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் வாயு பாய்ந்து தெப்பம் விரியும். கயிற்றைக் கட்டாமல் தள்ளினால் பெட்டி அலையோடு போய்விடும்!

வெளியே பளபளப்பாக இருக்கும் பெட்டிக்குள் துணி ஈரத்தில் மக்கியிருக்கலாம், ஒட்டிய இடம் விட்டிருக்கலாம், சிலிண்டர் துருப்பிடித்திருக்கலாம். வீட்டில் பிரித்துப் பார்க்கவும் முடியாது. பிரித்தால் திரும்ப மடிக்கத் தெரியாது. அங்கீகாரம் பெற்ற பட்டறையில்தான் கொடுக்க வேண்டும். அங்கே காற்றடித்துச் சோதிப்பார்கள். சிலிண்டரை எடை போடுவார்கள். காலாவதியான குடிநீர், மருந்து, தீப்பந்தங்களை மாற்றுவார்கள். கப்பல் தெப்பங்களுக்குப் பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறை இந்தச் சோதனை உண்டு. சொந்தப் படகுத் தெப்பத்துக்குத் தயாரிப்பாளர் சொல்லும் கெடு எதுவோ அதைத் தாண்டக் கூடாது.

பட்டறைக்குப் போய்வந்த பெட்டியின் மேல் சோதனைத் தேதி எழுதியிருக்கும். படகு வைத்திருப்பவர்கள் மட்டும் பார்க்க வேண்டிய தேதி அல்ல அது. கூலிக்காகக் கலத்தில் ஏறிக் கடலுக்குப் போகும் தொழிலாளியும் அதைப் பார்க்கலாம். கெடு கடந்திருந்தால் ஏன் என்று கேட்கலாம். கரையில் நிற்கும்போது கேட்க வேண்டிய கேள்வி அது. புயலில் கேட்டுப் பயனில்லை.