கிடைப்பது யாருக்கு?

ஒரே கணினிக்குள் மென்பொருளால் அமைக்கப்படும் மெய்நிகர் கணினிகளுக்குச் சொந்தமாக வன்தட்டோ வலைப்பின்னல் அட்டையோ கிடையாது. அவற்றின் இடத்தில் இருப்பவை, தாங்கும் கணினி பாவனையாகக் காட்டும் சாதனங்களே. இத்தகைய சாதனத்துக்கும், அதனிடம் வேலை வாங்கும் ‘டிரைவர்’ என்னும் நிரலுக்கும் இடையே தரவு எப்படிக் கைமாற வேண்டும் என்பதை வகுப்பது ‘விர்டியோ’ விதிநூல். ரஸ்டி ரஸ்ஸல் தொடங்கிய இம்முயற்சி 2008 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 2.6.24 கெர்னலில் இடம்பெற்றது. பின்னர் ஒயாசிஸ் என்னும் தரநிர்ணய அமைப்பின் பொறுப்பில் 1.0 பதிப்பு 2014-இலும் 1.1 பதிப்பு 2019-இலும் வெளிவந்தன.

தரவு கைமாறும் இடம் ‘விர்ட்கியூ’ எனப்படும் வரிசை. அதன் முதல் வடிவத்தில் மூன்று பகுதிகள் உண்டு: ஒவ்வொரு ‘பஃபரும்’, அதாவது தரவுக்கென ஒதுக்கிய நினைவகத் துண்டும், எங்கே உள்ளது, எவ்வளவு நீளம் என்று 16 பைட்டுகளில் குறிக்கும் அட்டவணை, ‘கிடைப்பவை’ வளையம், ‘பயன்பட்டவை’ வளையம். குழப்பம் இவ்விரு வளையங்களின் பெயரில்தான் தொடங்குகிறது.

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் தக்காளிப் பருவத்தில் ஒருவர் “பெட்டி இருக்கு” என்று சொன்னால், காய் பறித்து வைத்திருக்கும் விவசாயி அதைக் காலிப் பெட்டி என்றும், லாரிக்குச் சரக்கு தேடும் வியாபாரி அதை நிறைந்த பெட்டி என்றும் கொள்ள இடமுண்டு. விர்டியோவின் ‘கிடைப்பவை’ என்பதும் அப்படிப்பட்ட சொல்லே. டிரைவர் எழுதுபவர் தம் நிலையில் நின்று அதைத் தாம் எடுத்தாளத்தக்க பஃபர் என்று படிக்கக்கூடும். விதிநூலோ சாதனத்துக்குக் கிடைப்பதை, அதாவது டிரைவர் ஒப்படைத்துவிட்டுத் தொடாமல் விடவேண்டியதைக் குறிக்கிறது. சாதனம் வேலை முடித்துத் திருப்பித் தந்த ‘பயன்பட்ட’ பஃபர்தான் உண்மையில் டிரைவர் மீண்டும் எடுத்துக்கொள்ளக்கூடியது.

பெயர்க் குழப்பத்தைவிட விலையுயர்ந்தது பொருள் தெளிவின்மை. ‘பயன்பட்டவை’ வளையத்தின் ஒவ்வொரு பதிவிலும் எந்தப் பஃபர் என்ற எண்ணுடன் நீளம் என்ற எண்ணும் இருக்கிறது. அது பஃபரின் மொத்த அளவு அன்று, சாதனம் அதில் எழுதிய அளவு. 1,500 பைட்டு இடத்தில் 60 பைட்டு மட்டுமே வந்திருந்தால், இந்த எண்ணை நம்பித்தான் எஞ்சிய இடத்துப் பழைய குப்பையைத் தரவென்று எண்ணாமல் டிரைவர் தப்பிக்க முடியும். ஆயினும் முற்காலத்தில் பல டிரைவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டன என்றும், அதனால் பல சாதனங்கள் தவறான எண்ணையே இட்டுவந்தன என்றும் விதிநூலே ஒப்புக்கொள்கிறது. ஆகவே 1.0 பதிப்பு, சாதனம் குறைந்தது அந்த அளவேனும் எழுதியிருக்க வேண்டும் என்றும், அதற்கப்பால் உள்ளதைப் பற்றி டிரைவர் எதையும் ஊகிக்கக் கூடாது என்றும் கட்டளையாகவே விதித்தது. அந்த மிச்சத்தைப் புறக்கணிப்பது நலம் என்பது மட்டும் பரிந்துரையாக நின்றது.

1.1 பதிப்பு வரிசையின் பகுதிகளுக்குப் பொதுப்பெயராக விவரணப் பகுதி, டிரைவர் பகுதி, சாதனப் பகுதி என்பவற்றைக் கொண்டுவந்தது. எழுதுபவர் யாரோ அவர் பெயரையே பகுதிக்கு இடுவது, யாருக்குக் கிடைக்கும் என்று வாசகரை ஊகிக்க விடுவதைக் காட்டிலும் நேர்மையான முறை. ஆனால் அதே பதிப்பில் அறிமுகமான, பழைய அட்டவணையையும் இரு வளையங்களையும் ஒரே வளையமாகச் சுருக்கிய புதிய வடிவத்தில், ஒவ்வொரு பதிவிலும் உள்ள இரு அடையாளப் பிட்டுகளுக்கு ‘கிடைப்பது’, ‘பயன்பட்டது’ என்ற பழைய பெயர்களே இன்றும் இருக்கின்றன.