மென்பொருளுக்கும் வேண்டும் குடிமராமத்து
பொதுச் சொத்தாகிய கணினி – 7

ஜொகூரில் தரவு மையங்கள் வரிசையாக எழுந்துகொண்டிருக்கின்றன. இஸ்கந்தர் புத்திரி, கூலாய், செடெனாக் எல்லாமே இங்கிருந்து காரில் போய்வரும் தூரம்தான். அவற்றுக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு மின்சாரம், எவ்வளவு தண்ணீர் என்ற விவாதம் நடக்கிறது, நடக்கவும் வேண்டும். ஆனால் அந்தக் கட்டடங்களுக்குள் ஓடும் மென்பொருளைப் பழுது பார்ப்பவர் யார், அவருக்குக் கூலி கொடுப்பவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. அந்த மையங்களும் நம்பியிருப்பது, நிரலை எவரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் விட்டிருக்கும் திறமூல மென்பொருளை. அதன் உரிமங்களைச் சென்ற வாரம் பார்த்தோம். அதன் பராமரிப்பை இந்த வாரம் பார்ப்போம். ஒரு மென்பொருளை வாழவைப்பது அதைப் படைத்த நாள் அல்ல, அதற்குப் பிறகு வரும் பராமரிப்புதான் என்பதும், அந்தச் செலவில் பயன்படுத்துவோருக்குப் பங்கு உண்டு என்பதும் என் வாதம்.

காணொளிக் கோப்புகளைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் என்ற திறமூல மென்பொருளை எடுத்துக்கொள்வோம். பெயரைக் கேள்விப்படாதவர்கூட அதைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறார். விஎல்சியில் படம் பார்ப்பவரும், ஓபிஎஸ் வழியாகத் தைப்பூசத்தை நேரலையில் காட்டும் கோயிலும், குரோம் உலாவியில் காணொளி பார்க்கும் மாணவரும் அதன் நிரலின் மேல்தான் நிற்கிறார்கள். பிரான்சைச் சேர்ந்த ஃபாப்ரீஸ் பெல்லார் 2000ஆம் ஆண்டு அதைத் தொடங்கினார். சில ஆண்டுகளிலேயே வேறு வேலைகளுக்குப் போய்விட்டார். சுமை மைக்கேல் நீடர்மையர் என்ற ஆஸ்திரியரின் தோளில் இறங்கியது. 2011இல் குழு இரண்டாகப் பிளந்தது. பிரிந்தவர்கள் லிப்ஏவி என்ற பெயரில் தனித்து இயங்க, டெபியன், உபுண்டு ஆகிய பெரிய லினக்ஸ் வெளியீடுகள் அவர்கள் பக்கம் சாய்ந்தன. அத்தோடு எஃப்எஃப்எம்பெக்கின் கதை முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். நீடர்மையரோ எதிர்த்தரப்பின் திருத்தங்களையும் விடாமல் எடுத்துத் தம் நிரலில் சேர்த்தார். பாதுகாப்பு ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தார். 2015இல் டெபியன் திரும்பி வந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் எங்கே ஒழுங்காக வருகின்றன என்பதும் அந்த முடிவுக்கு ஒரு காரணம். 2018க்குப் பிறகு லிப்ஏவியில் புதிய வெளியீடு இல்லை. வழக்கைத் தீர்த்தது பராமரிப்புதான். ஆனால் அதே 2015இல் நீடர்மையர் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். ஒரு தனிமனிதர் எவ்வளவு காலத்துக்குத்தான் தாங்குவார்?

இந்த வேலை எப்படிப்பட்டது என்பதை 2025இல் நடந்த ஒரு சம்பவம் காட்டும். லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனம் 1995இல் வெளியிட்ட ‘ரெபெல் அசால்ட் 2’ என்ற கணினி விளையாட்டில் ஸ்மஷ் என்ற காணொளி வடிவம் இருந்தது. பழைய கோப்புகளும் திறக்கப்பட வேண்டும் என்ற அக்கறையால் எஃப்எஃப்எம்பெக்கில் அதைப் படிக்கும் பகுதியும் உண்டு. கூகுளின் செயற்கை நுண்ணறிவுக் கருவி அதில் ஒரு வழுவைக் கண்டுபிடித்தது. கோப்பைத் திட்டமிட்டுத் திரித்து அமைத்தால், நிரல் தான் விடுவித்துவிட்ட நினைவகத்தையே மறுபடியும் தொடும். அப்படித் தொடும் இடம்தான் தாக்குபவனுக்கு வாசல். வழு உண்மைதான், எஃப்எஃப்எம்பெக்கைப் பராமரிக்கும் தொண்டர்கள் அதைச் சரிசெய்தும் விட்டார்கள். அவர்கள் கேட்டது வேறு: பெரும் பணமும் கருவிகளும் உள்ளவர்கள் வழுவைக் காட்டிவிட்டுக் கெடு வைக்கிறார்களே, திருத்தத்தையோ அதற்கான கூலியையோ ஏன் சேர்த்துத் தரக்கூடாது? இயந்திரம் வழுக்களைக் கண்டுபிடிக்கும் வேகம் கூடக் கூட, இந்தக் கேள்வியின் எடையும் கூடும்.

இலவசமாகக் கொடுத்துவிட்டுக் காசு கேட்பது நியாயமா என்று சிலர் கேட்பார்கள். சட்டப்படி கேட்க முடியாது. உரிமம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் உரிமம் நேற்றைய நிரலுக்குத்தான். நாளை வரப்போகும் திருத்தத்துக்கு அது உத்தரவாதம் தருவதில்லை. தமிழ்நாட்டில் ஏரித் தண்ணீரைப் பாய்ச்சியவர்களே கூடி மடையையும் வாய்க்காலையும் செப்பனிட்ட வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். தண்ணீர் இலவசம், மராமத்து இலவசம் அல்ல. பெரிய நிறுவனங்கள் நிரல் எழுதித் தருகின்றனவே என்பது இன்னொரு மறுப்பு. தருகின்றன, மறுக்கவில்லை. ஆனால் தங்களுக்கு வேண்டிய வசதியைத்தான் பெரும்பாலும் தருகின்றன. யாருக்கும் பெருமை சேர்க்காத துப்புரவு வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை.

பணக்கார நாடுகளால்தான் இதெல்லாம் முடியும் என்பது மூன்றாவது மறுப்பு. ஜெர்மன் அரசின் நிதியம் ஒன்று 2024இல் எஃப்எஃப்எம்பெக்குக்கு ஒன்றரை லட்சம் யூரோவுக்கு மேல் ஒதுக்கியது உண்மை. ஆனால் 2025இல் அதே மென்பொருளுக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்தது பெங்களூரின் ஸெரோதா. அது பங்குத் தரகு நிறுவனம்; காணொளி அதன் தொழிலே அல்ல. திறமூல மென்பொருளுக்கென ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் தரும் நிதியை அது 2024இல் தொடங்கியது. மலேசியாவுக்கும் இது புதிய துறை இல்லை. அரசாங்க அலுவலகங்களில் திறமூல மென்பொருளைக் கொண்டுவரும் பெருந்திட்டத்தை 2004லேயே வெளியிட்ட நாடு இது. பயன்படுத்தச் சொன்ன அதே அக்கறை பராமரிப்பிலும் வர வேண்டும்.

ஜொகூரில் நிலமும் மின்சாரமும் பெறும் தரவு மைய நிறுவனங்களிடம், அவை நம்பியிருக்கும் திறமூல மென்பொருளுக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையை மாநில அரசு நிபந்தனையாகக் கேட்கலாம். இங்குள்ள கல்லூரிகள், வழு திருத்துவதை மாணவர்களின் இறுதியாண்டுத் திட்டப்பணியாக ஏற்கலாம். காணொளியை வைத்துப் பிழைக்கும் ஒவ்வொருவரும் தம் வருமானத்தில் கொஞ்சம் ஒதுக்கலாம். வாங்கியது போதும், இனிக் கொடுக்கவும் பழகுவோம்.

(தொடரும்)