பழைய உழவு இயந்திரங்களும் பகுதிநேர விவசாயிகளும்

ஐக்கிய நாடுகள் சபை 2019 முதல் 2028 வரையான காலப்பகுதியைக் குடும்ப விவசாயத்திற்கான தசாப்தமாகப் பிரகடனப்படுத்தியுள்ளது. அத்தசாப்தம் நிறைவை நெருங்கும் இவ்வேளையில், நமது விவசாயக் கொள்கைகளில் உரிய கவனம் பெறாத ஒரு சாராரைப் பற்றிச் சிந்திப்பது பொருத்தமாகும்.

அவர்கள் பகுதிநேர விவசாயிகள். ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ சிறு வர்த்தகராகவோ தொழில் புரிந்துகொண்டு, பரம்பரையாக வந்த ஓரிரு ஏக்கர் வயலைக் குடும்பத்தினரின் துணையுடன் செய்கை பண்ணுவோரை வன்னியிலும் மட்டக்களப்பிலும் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பகுதிகளிலும் பரவலாகக் காணலாம். விளைச்சல் பொய்க்கும் போகத்தில் சம்பளம் குடும்பத்தைத் தாங்குகின்றது. விலைவாசி ஏறும்போது வயல் அரிசியைத் தருகின்றது. இவ்விரட்டை ஆதாரத்தின் பெறுமதியை 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி நன்கு உணர்த்தியது.

இவர்களுக்கு வயலில் இறங்கக் கிடைப்பவை விடுமுறை நாட்களே. மழை விழுந்து மண் பதப்படும் வேளையில் உழவு தவறினால் விதைப்புப் பிந்திவிடும். எனவே அயலிலேயே ஓர் உழவு இயந்திரம் இருப்பது இன்றியமையாதது. பல கிராமங்களில் இத்தேவையை நிறைவு செய்பவை, 1950களிலும் 60களிலும் அறிமுகமான மெசி பேர்குசன் 35, 135 ரக இயந்திரங்களாகும்.

இவற்றின் மீதான பற்று வெறும் பழைமை மோகமன்று. முன்னர் கலப்பை, வண்டியைப் போல இயந்திரத்தின் பின்னால் இழுபட்டு வந்தது. அது கல்லிலோ வேரிலோ சிக்கினால் இயந்திரம் முன்புறம் கிளம்பிப் புரண்டு சாரதியைப் பலிகொள்ளும். அயர்லாந்தில் பிறந்த ஹரி பேர்குசன் கலப்பையை மூன்று புள்ளிகளில் இணைத்து, எண்ணெய் அழுத்தத்தால் உயர்த்தித் தாழ்த்தும் முறையை உருவாக்கினார். உழும்போது கலப்பையின் பாரம் பின்சில்லுகளுக்கு மாற்றப்படுவதால் எடை குறைந்த இயந்திரமே போதுமானதாயிற்று. சிறு விவசாயிக்கு உழவு இயந்திரத்தை எட்டச் செய்த மாற்றம் இதுவேயாகும்.

அத்துடன் இவற்றில் இலத்திரனியல் பாகங்கள் எதுவுமில்லை. கிராமத்துத் திருத்துநரே இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டிவிடுவார். 1990 இல் வெளியேற்றப்பட்ட வடபகுதி முஸ்லிம்களும், 2009 இல் உழவு இயந்திரங்களைக் கைவிட்டு வெளியேறிய வன்னி மக்களும் மீண்டும் வயலில் இறங்கியபோது, புதியதொன்றை வாங்கும் வசதி பலருக்கு இருக்கவில்லை என்பதை நாம் மறந்துவிடலாகாது.

மாறாக, நவீன இயந்திரங்கள் பலவற்றைக் கொம்பனியின் கணினி மென்பொருளின்றித் திருத்த முடியாது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம், விவசாய இயந்திரங்களைத் தாமே திருத்தும் உரிமையை உரிமையாளர்களுக்கு வழங்கும் சட்டத்தை 2023 இல் நிறைவேற்ற நேர்ந்தது இதனாலேயே.

பழைய இயந்திரங்களிலும் குறைகள் உள்ளன. புரண்டால் சாரதியைக் காக்கும் சட்டகம் அவற்றில் இல்லை. பின்விளக்கின்றி இரவில் வீதியில் செல்லும் பெட்டிகள் உயிராபத்தை விளைவிக்கின்றன. இவற்றைச் சீர்செய்ய இயந்திரங்களையே ஒதுக்கித் தள்ள வேண்டியதில்லை.

தரமான உதிரிப்பாகங்கள் நியாய விலையில் கிடைக்கவும், தொழில்நுட்பக் கல்லூரிகளில் இளைஞர்கள் இத்திருத்தப் பணியில் பயிற்சி பெறவும், பாதுகாப்புச் சட்டகமும் விளக்குகளும் பொருத்த இலகு கடன் வழங்கவும் உரியவர்கள் ஆவன செய்ய வேண்டும். உழுவதற்கு வழியற்றுப் பகுதிநேர விவசாயி ஒதுங்கினால் அவரது வயல் தரிசாகும். ஒருமுறை தரிசாகி வீட்டு மனையாக மாறிய நிலம் மீண்டும் வயலாவதில்லை.