டோக்கியோவைத் தள்ளி வைத்த வான்தடை

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கிக்கும் ஜப்பானின் டோக்கியோவுக்கும் இடையே நேர்வழியில் சுமார் 7,800 கிலோமீட்டர். லண்டனில் இருந்து என்றால் 9,500-ஐத் தாண்டிவிடும். ஐரோப்பாவின் வடகிழக்கு மூலையில் இருப்பதால் கிடைத்த இந்த அனுகூலத்தை நம்பித்தான் பின்லாந்தின் பின்ஏர் நிறுவனம் ஆசியச் சேவைகளை வளர்த்தது. சைபீரியாவுக்கு மேலே பறந்தால் ஒன்பதரை மணி நேரத்தில் ஜப்பான்.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வானை மூடியது. மறுநாளே ரஷ்யா, 36 நாடுகளின் விமானங்களுக்குத் தன் வானை மூடியது. ஹெல்சின்கியின் அனுகூலம் ஒரே நாளில் பறிபோனது.

மார்ச் 9 அன்று பின்ஏர் விமானம் மீண்டும் டோக்கியோவுக்குக் கிளம்பியது, வட துருவத்தின் வழியாக. நார்வேக்கு வடக்கே ஏறி, துருவத்தைக் கடந்து, அலாஸ்கா பக்கமாகத் தெற்கே திரும்பி, பசிபிக் கடல் மேல் ஜப்பானை அடைய ஏறத்தாழ 13,000 கிலோமீட்டர். 13 மணி நேரம். தெற்கே துருக்கி, கஸ்பியன் கடல், கசகஸ்தான், சீனா, தென் கொரியா என்று சுற்றிப்போகும் இன்னொரு வழியும் உண்டு. எந்தப் பக்கம் போவது என்பதைப் பெரும்பாலும் காற்றே தீர்மானிக்கிறது. மேற்கிலிருந்து கிழக்காக வீசும் உயர்வானக் காற்று ஜப்பானுக்குப் போகும்போது பின்னாலிருந்து தள்ளும், திரும்பும்போது எதிர்த்து நிற்கும். அதனால் போவது ஒரு வழி, வருவது இன்னொரு வழி என்றாகிவிடுகிறது.

துருவ வழி பின்ஏருக்குப் புதிதல்ல. பனிப்போர்க் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் போன பல விமானங்கள் சோவியத் வானைத் தவிர்த்து, அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிச் சென்றன. 1983-இல் பின்ஏர் தன் டிசி-10 விமானத்தை எங்கும் நிறுத்தாமல் துருவத்தின் மேல் டோக்கியோவுக்குப் பறக்கவிட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று, ஆங்கரேஜிலிருந்து சியோலுக்குப் போன கொரிய விமானம் வழி தவறி சோவியத் வானில் நுழைந்தது. போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியது. 269 பேர் இறந்தார்கள். அடுத்தவர் வானில் நுழைவதற்கு அன்று கொடுத்த விலை அது.

ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்துக்கு மேலுள்ள வான் மீது முழு உரிமை உண்டு என்று 1944-இன் சிகாகோ உடன்படிக்கை சொல்கிறது. பிற நாட்டு விமானங்கள் கடந்து போக வழிவிடும் தனி ஒப்பந்தத்தில் ரஷ்யா சேரவே இல்லை. உலகின் மிகப் பரந்த நாடு அது. அதன் வானைத் திறப்பதும் மூடுவதும் அதன் கையில். இரு நகரங்களுக்கு இடையிலான தூரத்தைப் பூமி உருண்டை அளந்து கொடுக்கலாம், ஆனால் பயணி பறக்கும் தூரத்தை அரசுகளே தீர்மானிக்கின்றன. சீன விமானங்கள் இன்றும் ரஷ்யாவைக் கடந்தே ஐரோப்பா வருகின்றன. பின்ஏர் பயணியோ கூடுதலாக மூன்றரை மணி நேரம் இருக்கையில் கழிக்கிறார். கூடுதல் எரிபொருள் எரிகிறது. இது நியாயமில்லை, ஆனால் உக்ரைனில் குண்டு விழும் வீடுகளை நினைத்தால், வானை மூடிய ஐரோப்பாவைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆசியச் சேவைகள் சுருங்கியதால் கைவசம் மிஞ்சிய ஏர்பஸ் ஏ330 விமானங்களில் இரண்டை, 2023 முதல் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸுக்காகப் பறக்க அனுப்பியது பின்ஏர். அவை சிட்னியிலிருந்து சிங்கப்பூருக்கும் பாங்காக்குக்கும் பறந்தன.